‘ஐடி முடிஞ்சுது’, ‘ஐடி மீண்டு வரும்’: இரண்டு கதையும் போடாத கணக்கு

2025 முழுக்க இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டாச்சு. ஒன்று, “ஏஐ வந்துடுச்சு, ஐடி கதை முடிஞ்சுது, ஷேரை வித்துட்டு ஓடு.” இன்னொன்று, “2000-லயும் இப்படித்தான் சொன்னாங்க, 2008-லயும் சொன்னாங்க, ஐடி திரும்பி வந்துச்சு. விலை விழுந்திருக்கு, அள்ளிப் போடு.” முதலாவதை யூட்யூப் வீடியோக்கள் சொல்கின்றன. இரண்டாவதை ஆபீஸ் கேன்டீனில் சீனியர்கள் சொல்கிறார்கள். தாம்பரம், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் எந்த அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு.

இரண்டுமே ஒரே தவறைச் செய்கின்றன என்பது என் வாதம். இரண்டும் பேசுவது தொழில்நுட்பத்தைப் பற்றி. முதலீட்டாளருக்குக் கிடைப்பதைத் தீர்மானிப்பதோ வேறு மூன்று விஷயங்கள்: கம்பெனியின் வருவாய் எந்த அலகில் வருகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம், ஏற்கெனவே நம் கையில் அதே பொருள் எவ்வளவு இருக்கிறது. மூன்றாவது கேள்வி நம்ம ஏரியாக்காரர்களுக்கு மற்ற யாரையும் விட முக்கியம்.

முன்குறிப்பு: நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆண்டறிக்கை படிப்பது பொழுதுபோக்கு. இது எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பதிவு அல்ல.

முதலில் ‘மீண்டு வரும்’ கட்சி

இவர்களுடைய பிடித்தமான உதாரணம் இன்ஃபோசிஸ். 1993-ல் 95 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது, அப்போது முழுதாக வாங்க ஆளில்லை, அன்றைக்குப் பத்தாயிரம் போட்டிருந்தால் இன்று கோடிகள் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றும். உண்மைதான். ஆனால் அதே இன்ஃபோசிஸை வேறொரு நாளில் வாங்கியவரின் கதையை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

2000 மார்ச்சில் டாட்காம் உச்சத்தில் இன்ஃபோசிஸ் பங்கை வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எடுத்தது மோசமான கம்பெனி இல்லை. 1999-2000 நிதியாண்டில் இன்ஃபோசிஸின் நிகர லாபம் சுமார் 290 கோடி ரூபாய். 2005-06-ல் அது 2,400 கோடியைத் தாண்டியது. ஆறு வருடத்தில் லாபம் எட்டு மடங்கு. தொழில்நுட்பம் எதிர்பார்த்தபடியே வந்தது, அவுட்சோர்ஸிங் எதிர்பார்த்ததை விட நன்றாக வந்தது. ஆனால் போனஸ் பங்குகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், அவர் கொடுத்த விலையைப் பங்கு மறுபடி தொட 2006 வாக்கில்தான் முடிந்தது. கம்பெனி ஜெயித்தது, பங்குதாரர் ஆறு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இதுவே நல்ல கம்பெனியின் கதை. சென்னையின் கதை இன்னும் மோசம். கேத்தன் பாரேக் 1999-2001-ல் ஏற்றிவிட்ட பங்குகளுக்கு ‘கே-10’ என்று பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் சென்னை நிறுவனங்கள் மூன்று: டிஎஸ்க்யூ சாஃப்ட்வேர், பெண்டாமீடியா கிராஃபிக்ஸ், எஸ்எஸ்ஐ. என் வயதுக்காரர்களுக்கு எஸ்எஸ்ஐ என்றால் ஜாவா கோர்ஸ் ஞாபகம் வரும். பெண்டாமீடியா மோஷன் கேப்சர் முறையில் சிந்துபாத் கதையை முழுநீள அனிமேஷன் படமாக எடுத்த கம்பெனி. அன்றைக்கு இதெல்லாம் வெறும் காகிதக் கம்பெனிகளாகத் தெரியவில்லை. பக்கத்துத் தெருப் பையன் வேலை பார்த்த, பக்கத்துத் தெருப் பெண் கோர்ஸ் படித்த நிறுவனங்கள். 2001 மார்ச்சில் பாரேக் கைதானார், பின்னர் செபி அவரைச் சந்தையிலிருந்து 14 வருடம் விலக்கி வைத்தது. பங்குகள் விழுந்தன, எழவே இல்லை.

ஆக, “ஐடி மீண்டு வந்தது” என்ற வாக்கியத்தில் ‘ஐடி’ என்பது யார்? துறை மீண்டது. வேலைகள் மீண்டன. அந்த மூன்று சென்னைப் பங்குகளை வைத்திருந்தவர்கள் மீளவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்வது கணக்கு இல்லை.

இப்போது ‘முடிஞ்சுது’ கட்சி

இவர்களுக்கு நம்மூர் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கியது. 2021 செப்டம்பர் 22-ம் தேதி நாஸ்டாக்கில் பட்டியலானது. ஐபிஓ விலை 36 டாலர், முதல் நாள் முடிவில் 47.55 டாலர். கம்பெனியின் மதிப்பு 1,300 கோடி டாலரைத் தொட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்தது. ஓஎம்ஆரில் அன்று மாலை எல்லோர் பேச்சும் அதுதான்.

2025 இறுதியில் அதே பங்கு 12 டாலரைச் சுற்றி. “பாத்தீங்களா, ஏஐ சாஸ் கம்பெனிகளை எப்படி முழுங்கிடுச்சு” என்கிறார்கள். சாஸ் என்றால் சாஃப்ட்வேரை விற்காமல் மாத வாடகைக்கு விடும் தொழில்.

சரி, தேதிகளைப் பார்ப்போம். சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30. அன்றைக்கே ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு 15 டாலருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதாவது வீழ்ச்சியின் பெரும்பகுதி ஏஐ என்ற வார்த்தை சந்தையில் புழங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதற்குக் காரணம் 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. வட்டி பூஜ்யத்தில் இருந்தபோது, பத்து வருடம் கழித்து வரப்போகும் லாபத்துக்கு இன்றே பெரிய விலை கொடுத்தார்கள். வட்டி ஏறியதும் அந்த விலை காணாமல் போனது.

அதற்குள் கம்பெனி என்ன ஆனது? 2021-ல் வருவாய் 37 கோடி டாலர். 2022-ல் சுமார் 50 கோடி. 2023-ல் சுமார் 60 கோடி. 2024-ல் 72 கோடி. ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் நாள் வாங்கியவர், ஒரு வருட வருவாயைப் போல 35 மடங்கு விலை கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். 35 மடங்கில் வாங்கிய எந்தத் தொழிலும், தொழில்நுட்பம் மாறினாலும் மாறாவிட்டாலும், சங்கடம்தான்.

அதே பருவத்தில் நம்மூர் இன்னொரு கம்பெனியும் வந்தது: லேட்டண்ட்வியூ அனலிட்டிக்ஸ். 2021 நவம்பரில் 197 ரூபாய்க்கு ஐபிஓ, 326 மடங்கு விண்ணப்பம், முதல் நாளே 500 ரூபாய்க்கு மேல் திறந்தது. நான்கு வருடம் கழித்தும் பங்கு பெரும்பாலும் அந்த முதல் நாள் விலைக்குக் கீழேதான் திரிகிறது. கம்பெனி வளராமல் இல்லை. டேட்டா தொழில், ஏஐக்குப் பக்கத்து வீடு. ஆனாலும் முதல் நாள் வாங்கியவருக்கு ஒன்றும் தேறவில்லை. இதையும் ஏஐ கணக்கில் எழுத முடியுமா?

2025-ல் பெரிய ஐடி பங்குகள் விழுந்ததையும் இதே மாதிரி ஒரே காரணத்தில் கட்டிவிடுகிறார்கள். டிசிஎஸ் 2024 ஆகஸ்ட்-செப்டம்பரில் 4,500 ரூபாயைத் தாண்டி இருந்தது, 2025 செப்டம்பர் இறுதியில் 3,000-க்கும் கீழே. இதில் ஏஐ பயம் உண்டு, மறுக்கவில்லை. கூடவே டிரம்ப்பின் வரிகளால் அமெரிக்க க்ளையண்ட்கள் செலவை ஒத்திப்போட்டதும் உண்டு. செப்டம்பர் 19-ம் தேதி வந்த ஹெச்-1பி விசாவுக்கான ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பும் உண்டு. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் டிசிஎஸ் வருவாய் நிலையான நாணய மதிப்பில் 3.1 சதவீதம் குறைந்ததற்கு முக்கியக் காரணம் பிஎஸ்என்எல் ஒப்பந்த வேலை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பிஎஸ்என்எல் 4ஜி டவர் வேலை முடிந்ததற்கும் சாட்ஜிபிடிக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று, ஓஎம்ஆரில் இருப்பவர்களுக்குத் தெரியும்: க்ளையண்ட்களே இங்கு சொந்த ஆபீஸ் போடுகிறார்கள். முன்பு சர்வீஸ் கம்பெனிக்குக் கொடுத்த வேலையை, சாலைக்கு எதிர்ப்பக்கம் தங்கள் பெயரிலேயே ஆளெடுத்துச் செய்கிறார்கள். இன்ஜினியருக்கு இது நல்ல சேதி, பெரும்பாலும் சம்பளமும் கூடுதல். சர்வீஸ் கம்பெனியின் பங்குதாரருக்குக் கெட்ட சேதி. “சென்னையில் ஐடி நல்லா இருக்கு” என்பதும் “ஐடி பங்கு நல்லா இருக்கும்” என்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டாம்.

உண்மையான பாதிப்பு எப்படி இருக்கும்?

ஏஐ பாதிப்பே பொய் என்று சொல்லவில்லை. உண்மையான பாதிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் செக் என்ற அமெரிக்க கம்பெனியைப் பார்க்கலாம். மாணவர்களின் வீட்டுப்பாடக் கேள்விக்குக் காசு வாங்கிக்கொண்டு விடை தரும் தளம். இந்தியாவில் இன்ஜினியரிங் முடித்த நிறையப் பேர் வீட்டிலிருந்தே அதற்கு விடை எழுதிச் சம்பாதித்திருக்கிறார்கள், நம்ம பக்கத்திலும். 2023 மே 2-ம் தேதி, சாட்ஜிபிடி தங்கள் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று கம்பெனியே ஒத்துக்கொண்டதும் பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட பாதியானது.

ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கும் செக்குக்கும் வித்தியாசம் எங்கே? செக்கில் வருவாயே குறைந்தது: 2022-ல் சுமார் 77 கோடி டாலர், 2023-ல் 72 கோடி, 2024-ல் 62 கோடி. பங்கு விலை மட்டும் விழுந்தால் அது சந்தையின் மனசு. வருவாய் வருடா வருடம் சுருங்கினால்தான் அது தொழிலின் நோய். இந்த எளிய சோதனையைக் கூடச் செய்யாமல்தான் நிறைய வீடியோக்கள் ஓடுகின்றன.

இந்தச் சோதனையை நம்ம சர்வீஸ் கம்பெனிகளுக்குப் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள டிசிஎஸ்ஸின் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

2016-17: வருவாய் 1,758 கோடி டாலர், ஊழியர்கள் 3,87,223. ஒரு ஆளுக்கு சுமார் 45,400 டாலர்.
2024-25: வருவாய் 3,018 கோடி டாலர், ஊழியர்கள் 6,07,979. ஒரு ஆளுக்கு சுமார் 49,600 டாலர்.

எட்டு வருடத்தில் க்ளவுட் வந்தது, ஆட்டோமேஷன் வந்தது, டிஜிட்டல் வந்தது, எத்தனையோ பவர்பாயிண்ட் வந்தது. ஒரு ஆளுக்கான வருவாய் ஏறியது மொத்தமே ஒன்பது சதவீதம். வருடத்துக்கு ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அதாவது கம்பெனி வளர்ந்தது ஆளைக் கூட்டித்தான். இதில் கேவலம் ஒன்றுமில்லை, பிரமாதமான லாபத்தில் நடந்த வியாபாரம். ஆனால் விற்ற பொருள் மனித நேரம். ஏஐ தொடுவது சரியாக அந்த அலகைத்தான்.

எச்சிஎல்டெக் தலைமைச் செயல் அதிகாரி சி.விஜயகுமார் 2025 தொடக்கத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: முப்பது வருட வியாபார முறை காலாவதியாகிவிட்டது, பாதி ஆளை வைத்து இரண்டு மடங்கு வருவாய் ஈட்ட முடியுமா என்று தன் குழுக்களைக் கேட்கிறேன் என்று. டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் அதற்கு ஏஐ உற்பத்தித்திறன் காரணமில்லை, திறன் பொருத்தமின்மைதான் காரணம் என்றார். ஜூன் இறுதியில் 6,13,069 ஆக இருந்த எண்ணிக்கை செப்டம்பர் இறுதியில் 5,93,314. இரண்டு பேர் சொல்வதும் வேறு வேறு. எண்கள் போகும் திசை ஒன்று.

மார்ஜின் என்ற மாயம்

காலாண்டு முடிவு வந்தால் தலைப்புச் செய்தி “மார்ஜின் 24 சதவீதத்தில் நிலைத்தது” என்று வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் என்னுடையவை, விகிதம் மட்டும் நடைமுறைக்குப் பக்கத்தில்.

ஒரு க்ளையண்ட்டின் சப்போர்ட் புராஜெக்ட். வருடத்துக்கு 100 ரூபாய் வருவாய், 76 ரூபாய் செலவு, 24 ரூபாய் லாபம். ஏஐ டூல் வந்து ஆள்தேவை முப்பது சதவீதம் குறைகிறது, செலவில் 17 ரூபாய் மிச்சம். மணிக்கணக்கு பில்லிங் என்றால் அந்த ஆட்களின் பில்லும் உடனே போய்விடும். மொத்தத் தொகை ஒப்பந்தம் என்றால் 17 ரூபாயும் கொஞ்ச நாள் கம்பெனி பைக்கு வரும். அந்த வருடம் லாபம் 41. “ஏஐயால் லாபம் ஏறியது” என்று தலைப்பு வரும்.

ஆனால் மூன்று வருடத்திலோ ஐந்து வருடத்திலோ ஒப்பந்தம் புதுப்பிக்க வரும். க்ளையண்ட்டும் இதே டூலைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வெண்டர் 78 ரூபாய்க்குச் செய்கிறேன் என்கிறார். நாமும் 78-க்கு இறங்குகிறோம். செலவு 59, லாபம் 19. மார்ஜின் என்ன? அதே 24 சதவீதம்தான். கையில் வரும் லாபமோ 24-லிருந்து 19-க்கு இறங்கிவிட்டது, ஐந்தில் ஒரு பங்கு போச்சு. பழைய வருவாயைத் தொடவே 28 சதவீதம் கூடுதல் வேலை பிடித்தாக வேண்டும்.

அந்தக் கூடுதல் வேலை வருமா? வரலாம். சாஃப்ட்வேர் எழுதுவது மலிவானால், இதுவரை காசில்லாமல் ஒத்திப்போட்ட வேலைகளை க்ளையண்ட்கள் எடுப்பார்கள். பழைய மெயின்ஃப்ரேம் கோடை மாற்றி எழுதும் வேலையே மலை போலக் கிடக்கிறது. ‘மீண்டு வரும்’ கட்சியின் வலுவான வாதம் இதுதான். அவர்கள் 2000-ஐ இழுக்காமல் இதைச் சொன்னால் நன்றாக இருக்கும். அப்போதும் கேள்வி, அந்த வேலை இந்தக் கம்பெனிக்கு வருமா, எதிர்ப்பக்கத்து க்ளையண்ட் ஆபீஸுக்குப் போகுமா என்பது.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி கம்பெனிக்கு அலகு வேறு. அங்கே பில்லிங் ‘சீட்’ கணக்கு. ஒரு கஸ்டமர் கேர் டீமில் நூறு பேர் இருந்தால் நூறு சீட். ஏஐ பாட் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் ஐம்பது சீட்தான் வேண்டும். சாஃப்ட்வேர் முன்பை விட அதிக வேலை செய்கிறது, பில் பாதியாகிறது. அதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் தீர்த்துவைத்த கேள்வி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலையை மாற்றப் பார்க்கிறார்கள். இண்டர்காம் நிறுவனம் தீர்வு ஒன்றுக்கு 99 சென்ட் வாங்குகிறது. பழைய விலைமுறையிலிருந்து புதியதற்கு மாறும் அந்த ஓரிரு வருடங்களில் கணக்கு இடிக்கும்.

இங்கே ‘முடிஞ்சுது’ கட்சியின் ஒரு அபத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். “இனி யார் வேணா ஏஐ வச்சு சாஃப்ட்வேர் எழுதிக்கலாம், எதுக்கு வாங்கணும்?” மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் டேலியில் பில் போடுகிறார். அவருடைய அக்கவுண்டண்டுக்கு டேலி தெரியும், ஆடிட்டருக்கு டேலி தெரியும், மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போயாக வேண்டும். தப்பு வந்தால் நோட்டீஸ் அவர் பெயருக்கு. அவர் வாங்குவது கோடை அல்ல, தப்பு நடக்காது என்ற நிம்மதியை. க்ளார்னா என்ற ஸ்வீடன் கம்பெனி சேல்ஸ்ஃபோர்ஸைத் தூக்கிவிட்டு ஏஐயால் தானே செய்துகொண்டது என்று ஒரு கதை 2024-ல் உலகம் முழுக்கப் பரவியது. அதன் தலைவரே 2025-ல் விளக்கம் கொடுத்தார்: சாஸை ஏஐயால் மாற்றவில்லை, தகவல்களைத் தங்கள் அமைப்பில் ஒருங்கிணைத்தோம், வேறு சாஃப்ட்வேர்களும் பயன்படுத்துகிறோம் என்று. விளக்கம் ஃபார்வர்டு ஆகவில்லை.

சுவாரசியமான விஷயம், அந்தக் கடைக்காரரின் டேலி பங்குச்சந்தையில் இல்லை. கூடுவாஞ்சேரி தாண்டும்போது ஜிஎஸ்டி சாலையில் நாம் பார்க்கும் ஜோஹோவும் இல்லை. காலாண்டுக்குக் காலாண்டு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கம்பெனி, விலைமுறையை மாற்றும் ஓரிரு மோசமான வருடங்களைத் தாங்கிவிடும். பட்டியலிட்ட கம்பெனிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நாம் தினமும் பயன்படுத்தி நம்பும் சாஃப்ட்வேரும், நாம் வாங்கக்கூடிய சாஃப்ட்வேர் பங்கும் பெரும்பாலும் வேறு வேறு.

விலையில் பயம் இருக்கிறதா?

“இவ்வளவு விழுந்துடுச்சே, இன்னும் மலிவு இல்லையா?” என்ற கேள்விக்கு வருவோம். 2024-25-ல் டிசிஎஸ் ஒரு பங்குக்கான லாபம் 134 ரூபாய். 3,000 ரூபாயில் வாங்கினால் லாபத்தைப் போல 22 மடங்கு. லாபம் முழுவதையும் டிவிடெண்டாகக் கொடுத்தால் கூட, கிட்டத்தட்ட அப்படித்தான் அந்த வருடம் ஸ்பெஷல் டிவிடெண்டோடு சேர்த்து 126 ரூபாய் கொடுத்தார்கள், நமக்கு வருவது நாலரை சதவீதம். பேங்க் எஃப்டியே ஆறரை சதவீதத்தை ஒட்டித் தருகிறது.

ஆக 22 மடங்கு என்ற விலை, வளர்ச்சி தொடரும் என்று நம்புகிறவர் கொடுக்கும் விலை. 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் டிசிஎஸ் நிலையான நாணய மதிப்பில் வளர்ந்தது 3.4, 4.2 சதவீதம். ரூபாய் சரிவு அதன்மேல் கொஞ்சம் சேர்க்கும். இதெல்லாம் நீடித்தால் மொத்தம் பத்து சதவீதத்தை ஒட்டி வரலாம், மோசமில்லை. மேலே போட்ட 100-க்கு 78 கணக்கு பரவலாக நடந்து வளர்ச்சி பூஜ்யமானால், எஃப்டியை விடக் குறைவு. உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு விழுந்த பிறகும் சந்தை இந்தக் கம்பெனிக்குச் சாவு விலை போடவில்லை. ‘முடிஞ்சுது’ கட்சி சொல்வது சரியானால், இன்னும் விழ இடமிருக்கிறது. ‘மீண்டு வரும்’ கட்சி சொல்வது சரியானால், கிடைக்கப்போவது சுமாரான வருமானம். அள்ளிப் போடுவதற்கான கணக்கு இதில் எங்கேயும் இல்லை.

நம்ம தெருக் கணக்கு

இப்போது மூன்றாவது கேள்வி. செங்கல்பட்டு மகிந்திரா சிட்டி, மெப்ஸ், தரமணி டைடல், சோழிங்கநல்லூர் எல்காட், சிறுசேரி சிப்காட் என்று நாலா பக்கமும் ஐடி வளாகங்களுக்கு நடுவில் நாம் இருக்கிறோம். மெப்ஸ் 1984-ல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கியது, டைடல் பார்க் 2000-ல் திறந்தது. கடந்த கால் நூற்றாண்டில் நம்ம ஊர்களின் பொருளாதாரமே இதைச் சுற்றித்தான் கட்டப்பட்டது.

இங்கே நாற்பதைத் தாண்டிய ஒரு சாதாரண ஐடி குடும்பத்தின் சொத்துப் பட்டியலைப் போடுவோம். கணவன் சம்பளம் ஐடி. மனைவி சம்பளமும் பெரும்பாலும் ஐடி. பெரும்பாக்கத்திலோ நாவலூரிலோ ஒரு ஃப்ளாட், அதில் குடியிருப்பவர் ஐடி ஊழியர், அதை நாளைக்கு வாங்கப்போகிறவரும் ஐடி ஊழியர்தான். கம்பெனி கொடுத்த பங்குகள் கொஞ்சம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஐடி கம்பெனிகள். பி.எஃப். பணத்திலும் ஒரு பகுதி அதே இண்டெக்ஸுக்குப் போகிறது. பையன் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான். இதற்கு மேல் ஒரு டெக்னாலஜி ஃபண்டும் வாங்கலாமா என்று கேட்கிறார்.

நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இன்னும் பத்து, பதினைந்து வருடச் சம்பளம் பாக்கி இருக்கிறது. அதுதான் அவரிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து, அது முழுக்க ஐடியில் போட்ட முதலீடு. ஏஐ விஷயத்தில் கெட்டது நடந்தால் வேலை, வாடகை, ஃப்ளாட் விலை, கம்பெனிப் பங்கு எல்லாம் ஒரே வருடத்தில் இறங்கும். ஈஎம்ஐ மட்டும் இறங்காது. என் பேட்ச் பி.இ. முடித்து வெளியே வந்தது டாட்காம் சரிவு நேரத்தில். ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நேரில் பார்த்தவன் நான். அப்போது எங்களுக்கு வயது இருபத்தி சொச்சம், ஈஎம்ஐ கிடையாது. இப்போது அப்படி இல்லை.

இதற்கு வரும் பதில், “நமக்குத் தெரிஞ்ச துறையிலதானே சார் போடணும்?” தெரிந்ததில் முதலீடு செய் என்பது நல்ல வாக்கியம். ஆனால் நமக்குத் தெரிந்தது தொழில்நுட்பம். 2000-ல் பெண்டாமீடியாவை வாங்கியவர்களில் கிராஃபிக்ஸ் தெரிந்த இன்ஜினியர்கள் இல்லாமலா இருந்தார்கள்? துறைக்காரனாக நமக்கு உண்மையில் முன்கூட்டியே தெரிவது, புதுப்பித்தலில் க்ளையண்ட் எவ்வளவு குறைக்கச் சொல்கிறார், பென்ச்சில் எத்தனை பேர், ஃப்ரெஷர் எடுக்கிறார்களா என்பது. சொந்தக் கம்பெனியின் அந்த விவரத்தை வைத்துப் பங்கு வாங்கினால் செபியின் உள்தகவல் வர்த்தக விதியில் மாட்டுவோம். அந்த அறிவை வேலை விஷயத்தில் பயன்படுத்துவதுதான் சட்டபூர்வமானது, லாபமும் அதில்தான்.

என் வழக்கம் எளிமையானது. இண்டெக்ஸ் ஃபண்டில் தானாக வரும் ஐடி போதும், தனியாக வாங்குவதில்லை. கம்பெனிப் பங்குகள் கைக்கு வந்ததும் விற்று வேறு இடத்தில் போடுகிறேன். ஒரு வருடச் செலவும் ஈஎம்ஐயும் எஃப்டியில் இருக்கும். சுவாரசியமில்லாத ஏற்பாடுதான்.

ஐடியில் வேலை பார்க்காதவர்களுக்கு, உதாரணமாக மாடம்பாக்கத்தில் இருக்கும் ரிட்டயர்டு ரயில்வே ஊழியருக்கு, இந்த மூன்றாவது கேள்வி பொருந்தாது. அவருடைய பென்ஷன் ஏஐயைப் பார்த்து இறங்காது. அவர் விலையைப் பார்த்து வாங்கலாம். அவர் பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்றே எண்கள்: ஒரு ஆளுக்கான வருவாய் இனியாவது வேகமாக ஏறுகிறதா, நிலையான நாணய மதிப்பில் வருவாய் வளர்கிறதா சுருங்குகிறதா, மார்ஜின் சதவீதத்தை விட்டுவிட்டு மொத்த லாபம் கோடியில் கூடுகிறதா. முதலாவது ஏறி, மற்ற இரண்டும் கூடினால் கம்பெனி புதிய அலகுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். ஆள் மட்டும் குறைந்து, அதனால் முதல் எண் ஏறி, மொத்த லாபம் அப்படியே நின்றால், 100-க்கு 78 கணக்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இவை மூன்றுமே காலாண்டு அறிக்கையிலும் அதோடு வரும் தகவல் குறிப்பிலும் கிடைக்கும். பத்து நிமிட வேலை. அடுத்த முறை யாராவது முடிஞ்சுது என்றோ மீண்டு வரும் என்றோ அடித்துச் சொன்னால், இந்த மூன்றில் எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.